முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே: வரிசைத் தரவைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மழைநீர் வடிந்த பிறகு வியாசர்பாடியில் ஒரு தெருவுக்குச் சென்று, வீட்டுக்குள் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று கேட்டால், யாரும் சென்டிமீட்டரில் பதில் சொல்வதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தம் உடம்பையே அளவுகோலாக்கிச் சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் வடசென்னையில் பலர் இந்தச் சொற்களால்தான் நினைவுகூர்கிறார்கள். கணக்கெடுக்கச் செல்பவர் தண்ணீர் வராத வீட்டுக்கு 1, கணுக்காலுக்கு 2, முழங்காலுக்கு 3, இடுப்புக்கு 4, கழுத்துக்கு 5 என்று எக்செல் தாளில் குறித்துக்கொள்கிறார். பிறகு நெடுவரிசையின் அடியில் சராசரிக்கான சூத்திரத்தை இட்டு, 3.6 என்று ஒரு விடையைப் பெறுகிறார்.

நானும் ஒருமுறை அப்படிக் கிடைத்த விடையை ஒரு தெருக் கூட்டத்தில் எழுந்து வாசித்தேன். "அது இன்னா சார் மூணு புள்ளி ஆறு?" என்று முன்னால் அமர்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார். முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவில் என்றேன். "நடுவுலன்னா? முட்டிக்கு மேல ஒரு சாணா, ரெண்டு சாணா?" என்றார். என்னிடம் விடை இல்லை. முழங்காலுக்கு 3 என்றும் இடுப்புக்கு 4 என்றும் எண் கொடுத்தது நான்தான், தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 0.6 எத்தனை சாண் என்பதை எந்தச் சூத்திரமும் எனக்குச் சொல்ல முடியாது.

கல்லூரித் திட்டப் பணிக்காகவோ குடியிருப்போர் சங்கத்துக்காகவோ முதன்முறையாகக் கணக்கெடுப்புத் தரவைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சதவீதமும், குவிவு நிகழ்வெண்ணும், மடக்கை என்றால் என்ன என்ற பள்ளிப் பாடமும் நினைவிருந்தால் போதும். கீழே வரும் வீட்டுக் கணக்குகள் அனைத்தும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். எந்தத் தெருவின் உண்மைக் கணக்கும் அல்ல.

முதல் படி: எண் எதைச் செய்ய அனுமதிக்கிறது என்று கேளுங்கள்

அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர் அளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை. இந்த நான்கையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது.

முதல் கேள்வி: இரண்டு எண்கள் வேறு வேறு என்பதைத் தவிர வேறு ஏதாவது பொருள் உண்டா? சென்னை மாநகராட்சியில் திருவொற்றியூர் 1ஆம் மண்டலம், மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. மாதவரம் மணலியைவிட ஒன்று கூடுதல் என்று சொல்வதில் பொருளில்லை. இது பெயர் அளவை. பெயருக்குப் பதிலாக எண் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் கேள்வி: எது முந்தி, எது பிந்தி என்று சொல்ல முடியுமா? முடியும், ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றால் அது வரிசை அளவை. கணுக்காலும் முழங்காலும் இங்கேதான் வருகின்றன. மூன்றாம் கேள்வி: கழித்தால் கிடைக்கும் விடைக்குப் பொருள் உண்டா? ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1856. மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது 2021. இடைவெளி 165 ஆண்டுகள் என்பது தெளிவான செய்தி. ஆனால் 2021ஐ 1856ஆல் வகுத்துக் கிடைக்கும் விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனெனில் ஆண்டுக்கணக்கின் தொடக்கப் புள்ளி மனிதர்கள் வைத்துக்கொண்டது. இது இடைவெளி அளவை. நான்காம் கேள்வி: வகுத்தாலும் பொருள் உண்டா? காசிமேட்டில் 40 கிலோ மீன் என்பது 20 கிலோவைப்போல் இரண்டு மடங்கு. சுழியம் கிலோ என்றால் உண்மையிலேயே மீன் இல்லை. இது விகித அளவை.

வரிசைபோலத் தோன்றியும் முழுக்க வரிசையாக இல்லாத அளவைகளும் உண்டு. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கான நல்ல எடுத்துக்காட்டு துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் இருப்பதால், எண் கூடக் கூட ஆபத்தும் அதே அளவில் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1, 2 ஆகியவை தொலைவில் இருக்கும் நிலைமைகளைக் குறிப்பவை. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே வரும் மோசமான வானிலையைக் குறிப்பவை. இதுவரை வரிசை சரியாகவே இருக்கிறது. ஆனால் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வலிமையுள்ள புயலைப் பற்றியவை. புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்குமானால் 5, வலப்பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்குமானால் 7. அதைவிடக் கடுமையான புயலுக்கு 8, 9, 10 ஆகியவை இதே மூன்று திசைகளைச் சொல்கின்றன. 11 என்பது எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி. எனவே இந்த ஒரே நெடுவரிசைக்குள் தீவிரம் என்ற வரிசையும், பக்கம் என்ற பெயரும், "செய்தி கிடைக்கவில்லை" என்ற விடுபட்ட தரவும் கலந்து கிடக்கின்றன. இதை அப்படியே எடுத்துச் சராசரி காண்பவர், தகவல் அறுந்த நாளையே எல்லாவற்றிலும் கொடிய நாளாகக் கணக்கிட்டிருப்பார். உங்கள் தாளில் இப்படிப்பட்ட நெடுவரிசை இருந்தால் அதை இரண்டு மூன்றாகப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

ஸ்டீவன்ஸின் பாகுபாட்டை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எண்களுக்குத் தாம் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாது, ஆகவே அவற்றின் மேல் எந்தக் கணக்கையும் செய்யலாம் என்ற வாதத்தை பிரெடெரிக் லார்ட் 1953இல் கால்பந்து வீரர்களின் சட்டை எண்களை வைத்து நகைச்சுவையாக முன்வைத்தார். எண்களுக்குத் தெரியாதுதான்; அறிக்கை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நான்கு அளவைகளையும் சட்டமாகக் கொள்ளாமல், வேலையைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளாகக் கொண்டால் போதும்.

இரண்டாம் படி: சொற்களின் வரிசையைத் தெருவில் சரிபாருங்கள்

புதியவர்கள் எளிதாகக் கடந்துபோகும் படி இது. பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். வரிசைத் தரவின் உயிரே வரிசைதான். அந்த வரிசை கேள்வித்தாள் எழுதியவரின் மனத்தில் மட்டும் இருந்தால் போதாது. பதில் சொல்பவரின் மனத்திலும் அதே வரிசை இருக்க வேண்டும்.

குடிநீரின் தரத்தைப் பற்றிய கேள்விக்கு மோசம், சுமார், பரவாயில்லை, நன்று என்று நான்கு விடைகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். "பரவால்ல" என்ற சொல்லை நம் தெருக்களில் எத்தனை வகையாகச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவால்ல. குறை இருக்கிறது, பொறுத்துக்கொள்கிறோம் என்பதற்கும் பரவால்ல. கேட்டவரை நோகடிக்க வேண்டாம் என்பதற்கும் பரவால்ல. "சுமார்" என்பது அகராதியில் நடுத்தரம். ஒரு படத்தைச் சுமார் என்று ஒருவர் சொன்னால் அதற்கு யாரும் டிக்கெட் எடுக்கப்போவதில்லை. இந்த இரண்டில் எது மேல், எது கீழ் என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் ஒரே விடையைச் சொல்வார்கள் என்று நான் நம்பவில்லை.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு விடைச்சொல்லையும் தனித்தனி அட்டையில் பெரிதாக எழுதி, கலைத்து, பதில் சொல்லப் போகிறவர்களைப் போன்ற பத்துப் பதினைந்து பேரிடம் கொடுத்து, கீழிருந்து மேலாக அடுக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம். எல்லாரும் ஒரே மாதிரி அடுக்கும் சொற்களை வைத்துக்கொண்டு, இடம் மாறும் சொற்களைத் தள்ளிவிடுங்கள். மிக மோசம், மோசம், நடுத்தரம், நன்று, மிக நன்று என்ற தொகுதி பேச்சில் சற்று விறைப்பாக ஒலித்தாலும், வரிசையில் குழப்பம் தராது.

"தெரியாது" என்ற விடையை ஒருபோதும் நடுவில் வைக்காதீர்கள். தெரியாது என்பது மோசத்துக்கும் நன்றுக்கும் இடையில் நிற்கும் கருத்து அல்ல. அது வரிசைக்கு வெளியே இருப்பது. அதைத் தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையான அளவு கிடைக்கும் இடத்தில் வரிசை அளவையால் திருப்தி அடைய வேண்டாம். வெள்ளம் வடிந்த வீட்டில் சுவரில் தண்ணீர்க் கறை இருந்தால், டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்துவிடலாம். அப்போது விகித அளவையே கையில் இருக்கும், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. சுவர் வெள்ளையடிக்கப்பட்டு, நினைவு மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கும், கருத்து, வலி, திருப்தி போன்று டேப் எட்டாத விஷயங்களுக்கும்தான் வரிசை அளவை.

மூன்றாம் படி: சராசரிக்கு முன் குவிவுக் கோடு

இரண்டு தெருக்கள், ஒவ்வொன்றிலும் நூறு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தெருவில் 40 வீடுகளில் முழங்கால் அளவு, 60 வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். இரண்டாம் தெரு மேடும் பள்ளமுமானது: 40 வீடுகளில் கணுக்கால், 20 வீடுகளில் முழங்கால், 10 வீடுகளில் இடுப்பு, 30 வீடுகளில் கழுத்து. முன்பு கொடுத்த எண்களின்படி முதல் தெருவின் சராசரி 3.6, இரண்டாம் தெருவின் சராசரி 3.3. முதல் தெருவுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று எழுதிவிடத் தோன்றும்.

இப்போது எண்களை மாற்றுவோம். வரிசையை மாற்ற வேண்டாம். கணுக்கால் என்றால் வீட்டுக்கு 1,000 ரூபாய் இழப்பு, முழங்கால் என்றால் 5,000, இடுப்பு என்றால் 10,000, கழுத்து என்றால் 50,000 என்று கொள்வோம். கழுத்தளவு வரும்போது பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், பீரோவில் இருந்த சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்து போகும் என்பதால் இந்தத் தாவல் நியாயமானதே. இந்தக் கணக்கில் முதல் தெருவின் சராசரி 8,000 ரூபாய். இரண்டாம் தெருவின் சராசரி 17,400 ரூபாய். தரவு அதேதான், வரிசையும் அதேதான். தீர்ப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது. 1, 2, 3, 4, 5 என்பதற்கு இருக்கும் உரிமை 1,000, 5,000, 10,000, 50,000 என்பதைவிடச் சிறிதும் கூடுதலானதல்ல. முன்னது எழுதுவதற்கு எளிது; அதனால்தான் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இப்படித் தலைகீழாகும் ஆபத்து எப்போது உண்டு, எப்போது இல்லை என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் குவிவுச் சதவீதத்தை எழுதுங்கள். "கணுக்கால் அல்லது அதற்குக் கீழ்" முதல் தெருவில் 0, இரண்டாம் தெருவில் 40. "முழங்கால் அல்லது அதற்குக் கீழ்" முறையே 40, 60. "இடுப்பு அல்லது அதற்குக் கீழ்" முறையே 100, 70. முதல் இரண்டு இடங்களில் இரண்டாம் தெருவின் எண் பெரிது; மூன்றாம் இடத்தில் முதல் தெருவின் எண் பெரிது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. கோடுகள் வெட்டாமல் ஒன்று முழுக்க மற்றொன்றுக்கு மேலேயே இருந்தால், வரிசையைக் குலைக்காத எந்த எண்களைக் கொடுத்தாலும் சராசரிகளின் முந்து பிந்து மாறாது. வெட்டினால், தீர்ப்பை மாற்றும் எண் தொகுதி ஒன்று நிச்சயம் உண்டு. இதை ஒரு தாளில், பென்சிலால், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சொல்வதில்லை.

ஐந்து புள்ளித் தரவில் சாதாரணச் சராசரியையும் வழக்கமான தொடர்புப்போக்கையும் பயன்படுத்தினால் இல்லாத வேறுபாடு தெரியலாம், இருக்கும் வேறுபாடு மறையலாம், திசையே மாறித் தெரியலாம் என்று லிடெல், க்ருஷ்கே இருவரும் 2018இல் விரிவாகக் காட்டினார்கள். அதற்காகச் சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே பதற வேண்டியதில்லை. ஒரே பொருளைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டு, விடைகளைக் கூட்டி எடுக்கும் மதிப்பெண் வேறு. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த முறையும் பல கூற்றுகளின் கூட்டுத்தான். அத்தகைய கூட்டு மதிப்பெண்ணை ஏறக்குறைய இடைவெளி அளவையாக நடத்துவதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. தனியொரு கேள்வியின் ஐந்து விடைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான்காம் படி: எளிய ஒப்பீடு போதுமானால் அங்கேயே நில்லுங்கள்

இரண்டு குழுக்களை ஒப்பிடுவது மட்டுமே நோக்கமென்றால் இடைநிலை அளவும், வில்காக்சன் 1945இலும் மான், விட்னி இருவரும் 1947இலும் தந்த தரவரிசைச் சோதனையும் போதும். மேற்கண்ட தெருக்களில் ஆளுக்கொரு வீட்டைக் குலுக்கலில் எடுத்தால், முதல் தெரு வீட்டில் தண்ணீர் கூடுதலாக இருக்க நிகழ்தகவு 0.52, இரண்டாம் தெரு வீட்டில் கூடுதலாக இருக்க 0.34, இரண்டும் சமமாக இருக்க 0.14. இந்த மூன்று எண்களும் நாம் ஒட்டிய எண்களைச் சார்ந்தவை அல்ல. இரண்டு வரிசை நெடுவரிசைகளுக்கு இடையிலான ஒட்டுறவுக்கு, ஒரே விடையைப் பலர் சொல்வதால் வரும் சமநிலைகள் மிகுதியாக இருப்பதால், ஸ்பியர்மனின் அளவைவிடக் கெண்டலின் டௌவைத் தேர்ந்தெடுப்பேன்.

ஐந்தாம் படி: மறைந்திருக்கும் தண்ணீர் மட்டம்

வீட்டின் வயது, தெருவின் உயரம், குடிநீர் வரும் வழி என்று பல காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்போதுதான் மாடல் தேவைப்படுகிறது. வரிசைத் தரவுக்கு மிகுதியும் பயன்படுவது, பீட்டர் மெக்கல்லா 1980இல் விரிவாக முன்வைத்த ப்ரபோர்ஷனல் ஆட்ஸ் மாடல்; தமிழில் சம சாதக விகித மாடல் என்று சொல்லலாம். பெயர் மிரட்டினாலும், உள்ளே இருப்பது நம் வெள்ளக் கதைதான்.

வீட்டுக்குள் தண்ணீர் தொடர்ச்சியாக ஏறுகிறது. அது 63 சென்டிமீட்டரா 64 சென்டிமீட்டரா என்று நமக்குத் தெரியாது. முழங்காலைத் தாண்டிவிட்டது, இடுப்பைத் தொடவில்லை என்று மட்டும் தெரியும். முழங்காலும் இடுப்பும் வெட்டுப்புள்ளிகள். குடிநீரைப் பற்றிய கருத்தும் இப்படித்தான் மனத்துக்குள் தொடர்ச்சியாக ஏறி இறங்குகிறது என்றும், சில வெட்டுப்புள்ளிகளைத் தாண்டும்போது மோசம் என்பது நடுத்தரமாகவும் நடுத்தரம் நன்றாகவும் மாறுகிறது என்றும் மாடல் கற்பனை செய்துகொள்கிறது. ஐந்து விடைகள் இருந்தால் நான்கு வெட்டுப்புள்ளிகள். அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; அந்தத் தொலைவுகளைத் தரவிலிருந்தே மாடல் மதிப்பிட்டுக்கொள்கிறது. நான் கூட்டத்தில் சொல்ல முடியாமல் நின்ற அந்தச் சாண் கணக்கை, உண்மைச் சாணில் இல்லாவிட்டாலும் தன் சொந்த அலகில் அது சொல்லிவிடுகிறது.

கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் புரியும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் நூறு வீடுகளில் மிக மோசம் 20, மோசம் 30, நடுத்தரம் 25, நன்று 15, மிக நன்று 10 என்று கொள்வோம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நூறு வீடுகளில் அதே வரிசையில் 10, 20, 25, 25, 20. குவிவு எண்கள் லாரி வீடுகளுக்கு 20, 50, 75, 90. குழாய் வீடுகளுக்கு 10, 30, 55, 80.

ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் கீழே இருக்கும் வீடுகளை மேலே இருக்கும் வீடுகளால் வகுத்தால் கிடைப்பது சாதக விகிதம். லாரி வீடுகளுக்கு 20ஐ 80ஆல் வகுத்து 0.25, 50ஐ 50ஆல் வகுத்து 1, அடுத்து 3, அடுத்து 9. குழாய் வீடுகளுக்கு 0.111, 0.429, 1.222, 4. இப்போது முன்னதைப் பின்னதால் வகுங்கள்: 2.25, 2.33, 2.45, 2.25. நான்கு இடங்களிலும் விடை ஏறக்குறைய 2.3. எங்கே வெட்டினாலும் லாரி வீடுகள் கீழ்ப்பக்கம் இருப்பதற்கான சாதக விகிதம் குழாய் வீடுகளுக்கு உள்ளதைப்போல் 2.3 மடங்கு. இந்த ஒரே எண்தான் மாடலின் இதயம். மென்பொருள் இதன் இயல் மடக்கையை (10ஐ அல்ல, e என்ற எண்ணை அடியாகக் கொண்ட மடக்கை), அதாவது சுமார் 0.83ஐ, குணகமாக அச்சிடும். காரணிகள் பல சேரும்போது கணக்கு சிக்கலாகிறதே தவிர, கருத்து மாறுவதில்லை.

ஆறாம் படி: "சம" என்ற சொல்லைச் சோதியுங்கள்

நான்கு இடங்களிலும் ஒரே எண் வந்தது நான் எண்களை அப்படி அமைத்ததால். உங்கள் தரவில் அப்படி வரவேண்டும் என்பதில்லை. குவிவுக் கோடுகள் தெளிவாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் சம சாதக விகிதம் பொருந்தாது. மூன்றாம் படியில் பார்த்த இரண்டு தெருக்களுக்கும் இந்த மாடல் பொருந்தாமல் போகும். பொருந்துகிறதா என்று பார்க்க, பிராண்ட் 1990இல் தந்த சோதனையை மென்பொருள்கள் செய்து தருகின்றன. ஆனால் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு விலகலுக்கும் அது மணி அடிக்கும்; வீடுகள் குறைவாக இருந்தால் பெரிய விலகலையும் தவறவிடும். அதனால் மேலே செய்ததுபோல் ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் தனித்தனியாக விகிதத்தைக் கணக்கிட்டு, கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதையே முதலில் பரிந்துரைப்பேன். ஒரு காரணிக்கு மட்டும் சமம் இல்லை என்றால், அந்தக் காரணிக்கு மட்டும் வெட்டுப்புள்ளிக்கு ஒரு குணகம் என்று தளர்த்தும் பகுதிச் சமநிலை மாடல்கள் உண்டு.

ஒரு விடையை மிகச் சிலரே தேர்ந்தெடுத்திருந்தால் அதைப் பக்கத்து விடையோடு சேர்க்கலாம். சமம் என்ற நிபந்தனை பொருந்தும்வரை, அடுத்தடுத்த விடைகளைச் சேர்ப்பதால் குணகத்தின் பொருள் மாறாது. துல்லியம் மட்டும் சற்றுக் குறையும். எதை எதோடு சேர்ப்பது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்புள்ளிகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு என்பது அப்பாவுக்குத் தொடையளவுதான். கருத்துக் கேள்விகளிலும் இப்படி உண்டு: எதைக் கேட்டாலும் மிக நன்று என்று சொல்லி அனுப்பிவிடும் வீடு ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். வீட்டில் பதில் சொன்னவர் யார் என்பதையும், கேள்வி கேட்டவர் யார் என்பதையும் தனி நெடுவரிசைகளில் குறித்து வையுங்கள். ஒரே தெருவின் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், தெருவைத் தற்செயல் விளைவாக, அதாவது தெருவுக்குத் தெரு மாறும் ஓர் ஏற்ற இறக்கமாக, மாடலில் சேர்ப்பதும் நல்லது.

ஏழாம் படி: மென்பொருளில் மூன்று பள்ளங்கள்

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மொழியில் மாஸ் தொகுப்பில் பி-ஓ-எல்-ஆர் என்ற கட்டளையும், ஆர்டினல் தொகுப்பில் சி-எல்-எம் என்ற கட்டளையும் இந்த மாடலைப் பொருத்துகின்றன. தெருவைத் தற்செயல் விளைவாகச் சேர்க்க இரண்டாவதின் கடைசியில் இன்னொரு எம் சேர்த்த கட்டளை உண்டு. பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் நூலகத்தில் ஆர்டர்ட்மாடல் இருக்கிறது.

முதல் பள்ளம் அகரவரிசை. விடைகளைச் சொற்களாக உள்ளிட்டு, வரிசையை நீங்கள் சொல்லாமல் விட்டால், ஆர் அவற்றை அகரவரிசையில் அடுக்கிக்கொள்ளும்: நடுத்தரம், நன்று, மிக நன்று, மிக மோசம், மோசம். மிக நன்றுக்கு அடுத்த படி மிக மோசம் என்று வைத்துக்கொண்டு, ஒரு பிழைச் செய்தியும் தராமல் குணகங்களை அச்சிட்டுவிடும். வரிசையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, குறி. மேலே சொன்ன ஆர் கட்டளைகளில் நேர்க்குறிக் குணகம் என்றால் உயர்ந்த விடையை நோக்கிய நகர்வு. சாஸ் மென்பொருளின் இயல்பான அமைப்பிலோ அதே குறி தாழ்ந்த விடையை நோக்கியது. நாம் கையால் செய்த கணக்கும் கீழ்ப்பக்கத்தை எண்ணியது. லாரி, குழாய் போன்ற விடை தெரிந்த ஒரு சிறு தரவை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டால் திசை தெரிந்துவிடும்.

மூன்றாவது, காரணிப் பக்கத்தில் வரும் வரிசைத் தரவு. படிப்பு நிலை போன்ற நெடுவரிசையை வரிசைக் காரணியாக அறிவித்தால், ஆர் அதை நேர்கோடு, இருபடி, முப்படி என்று பல்லுறுப்புக் கூறுகளாகப் பிரித்து அச்சிடும். புதியவர்கள் இதைப் பார்த்துத் தரவு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் அதைப் பெயர் அளவையாகவே கொடுத்து, ஒவ்வொரு நிலைக்கும் தனிக் குணகம் பெற்று, அவை வரிசைப்படி ஏறுகின்றனவா என்று பார்ப்பதே எளிது.

எட்டாம் படி: திரும்பத் தெருவுக்கு

சாதக விகிதம் 2.3 மடங்கு என்று ஒரு தெருக் கூட்டத்தில் சொன்னால், எனக்கு 3.6க்குக் கிடைத்த கேள்விதான் உங்களுக்கும் கிடைக்கும். மாடலின் விடையை மறுபடி வீடுகளின் எண்ணிக்கைக்கு மாற்றுங்கள்: லாரித் தண்ணீர் வாங்கும் நூறு வீடுகளில் ஐம்பது வீடுகள் தண்ணீரை மோசம் அல்லது மிக மோசம் என்கின்றன, குழாய் உள்ள நூறு வீடுகளில் முப்பது. வெள்ளத்துக்கும் அப்படியே: இரண்டாம் தெருவில் நூற்றுக்கு முப்பது வீடுகளில் கழுத்தளவு, முதல் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. படம் வரைவதானால் தெருவுக்கு ஒரு பட்டை வரைந்து, அதை விடைகளின் வரிசைப்படி வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறமாக நிரப்புங்கள். தெரியாது என்றவர்களைப் பட்டைக்கு வெளியே எண்ணிக்கையாக எழுதுங்கள். கணக்குத் தாளில் எண் நெடுவரிசைக்குப் பக்கத்திலேயே, பதில் சொன்னவர் வாயிலிருந்து வந்த சொல்லையும் அப்படியே ஒரு நெடுவரிசையில் வைத்திருங்கள். "முட்டிக்கு மேல ஒரு சாண்" என்று யாராவது சொல்லியிருந்தால், அதை 3 என்று சுருக்கியபோது தொலைந்தது அங்கே இருக்கும்.